பெயர் போட்டால் போதுமா?

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் மாணவர்கள், பெற்றோர் முன்னிலையில் பேசியதன் எழுத்து வடிவம்)

கூட்டத்துக்கு வந்தவர்களுக்கும், வர முடியாமல் இப்போது கைபேசியில் இதைப் படிப்பவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். நான் வக்கீல் அல்ல, தமிழாசிரியரும் அல்ல. பி.காம். படித்து, ஒரு வங்கியில் முப்பத்தைந்து வருடம் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். யார் பணம் யார் கணக்கில் ஏறுகிறது என்று பார்ப்பதுதான் என் தொழில். அதனாலோ என்னவோ, "பிள்ளைகளின் பிராஜெக்ட், கட்டுரை பற்றி நீங்களே பேசிவிடுங்கள் சார்" என்று செயலாளர் என்னைப் பிடித்துவிட்டார்.

முதலில் இரண்டு சொற்களைப் பிரித்துக்கொள்வோம். ஒன்று பதிப்புரிமை. நம்மில் பலர் இதைக் காப்புரிமை என்கிறோம். ஆனால் புதிய இயந்திரம், மருந்து போன்றவற்றைக் கண்டுபிடித்தவருக்குத் தரும் பேட்டன்ட்டுக்கும் அதே சொல்லைப் பயன்படுத்துவதால் குழப்பம் வருகிறது. எழுத்து, படம், பாட்டு இவற்றைப் படைத்தவருக்கு இருப்பதைப் பதிப்புரிமை என்றே வைத்துக்கொள்வோம். இரண்டாவது, எழுத்துத் திருட்டு. ஒருவர் எழுதியதை நான் எழுதியது போலக் காட்டுவது.

இரண்டும் ஒன்று என்று நினைப்பதில்தான் பாதித் தவறு நடக்கிறது. பாரதியார் எழுதிய ஒரு கட்டுரையை உங்கள் பையன் தன் பெயரில் பள்ளி ஆண்டு மலருக்குக் கொடுக்கிறான் என்று வையுங்கள். பாரதியார் எழுத்து இன்று எல்லாருக்கும் பொது. பதிப்புரிமைச் சட்டத்தின்படி அதை அச்சிட யாரிடமும் அனுமதி வேண்டாம். ஆனாலும் அது திருட்டுத்தான். மறுபக்கம் பாருங்கள். இன்று எழுதிக்கொண்டிருக்கும் ஒருவரின் நாவலை முழுக்க ஸ்கேன் செய்து, அட்டையில் அவர் பெயரோடு, பி.டி.எஃப்.பாக நம் வாட்ஸ்அப் குழுவில் யாரோ போடுகிறார். எழுதியவர் பெயர் இருக்கிறது, யாரும் தன்னுடையது என்று சொல்லவில்லை. ஆனால் அவருடைய உரிமை போய்விட்டது, அவருக்கு வர வேண்டிய ராயல்டியும் போய்விட்டது. ஆக, பெயரைப் போடுவது திருட்டுப் பட்டத்திலிருந்து காப்பாற்றும், அனுமதிக்கு ஈடாகாது. அனுமதி இருப்பதும் உரிமைக்காலம் முடிந்திருப்பதும் சட்டத்திலிருந்து காப்பாற்றும், பெயரை மறைக்க உரிமை தராது. ஒன்றின் மருந்து மற்றொன்றுக்குக் கேட்காது.

சட்டத்தைப் பிறகு பார்க்கலாம். பிள்ளைகளுக்கு அன்றாடம் வருவது இரண்டாவது வகைதான்.

ஜனவரியில் குடியரசு தினத்தை ஒட்டி நடந்த நம் கட்டுரைப் போட்டி உங்களுக்கு நினைவிருக்கும். தலைப்பு, 'நம் குடியிருப்பும் தண்ணீரும்'. நடுவர்கள் மூவரில் நானும் ஒருவன். வந்த கட்டுரைகளில் ஏழு ஒரே பத்தியில் ஆரம்பித்தன. ஏழிலும் ஒரே இடத்தில் ஒரே எழுத்துப்பிழை. ஒரு தாளில் "மேலும் படிக்க இங்கே சொடுக்கவும்" என்பதையும் சேர்த்து முத்து முத்தான கையெழுத்தில் எழுதியிருந்தது! சிரிப்பு வந்தது. அடுத்த தாளைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. ஏழாம் வகுப்புப் பெண் எழுதியது. வாசலில் செக்யூரிட்டியிடம் இருக்கும் லாரிப் பதிவேட்டை வாங்கி, தண்ணீர் லாரி மே மாதம் எத்தனை வந்தது, நவம்பரில் எத்தனை வந்தது என்று எண்ணிக் கட்டம் போட்டிருந்தாள். ஒற்றுப்பிழைகள் ஏராளம். வாக்கியங்கள் தடுக்கி விழுந்தன. நடையை மட்டும் பார்த்து மதிப்பெண் போட்டிருந்தால் அந்த ஏழு தாள்களும் முன்னால் நின்றிருக்கும், இவள் எட்டாவது வந்திருப்பாள். "எழுத்தைத்தானே திருடினான், யாருக்கு என்ன நஷ்டம்?" என்று கேட்பவர்களுக்கு நான் காட்டுவது இந்த எட்டாவது இடத்தைத்தான்.

நாங்கள் யார் பெயரையும் வெளியே சொல்லவில்லை. முடிவைத் தள்ளிவைத்து, அந்த ஏழு பேரையும் தனித்தனியாக அழைத்து ஐந்து நிமிடம் பேசச் சொன்னோம். மூன்று பேர் தண்ணீரைப் பற்றி நன்றாகவே பேசினார்கள். பேசியதையே எழுதியிருந்தால் பரிசுக்கு வந்திருப்பார்கள். எல்லாருக்கும் ஒரு வாரம் கொடுத்தோம், ஐந்து பேர் மறுபடி எழுதிக் கொடுத்தார்கள். இதில் கோபப்பட்ட பெற்றோரும் உண்டு. ஒரு நண்பர் கேட்டார்: "இணையத்தில் தேடிக் கண்டுபிடித்ததும் உழைப்புத்தானே? கீழே வெப்சைட் பெயரைப் போட்டிருந்தால் ஒப்புக்கொண்டிருப்பீர்களா?"

நியாயமான கேள்வி. பெயர் போட்டு, மேற்கோள் குறிக்குள் அதை வைத்திருந்தால் திருட்டு என்று யாரும் சொல்லியிருக்க முடியாது. ஆனால் கட்டுரை முழுவதும் மேற்கோள் குறிக்குள் இருந்தால், கட்டுரை எழுதியவர் யார்? தேடியதற்கு மதிப்பெண் கொடுக்கலாம், எழுதியதற்குக் கொடுக்க எழுத்து இல்லையே!

அப்படியானால் பிறர் எழுதியதைப் படித்து எப்படித்தான் எழுதுவது? பிள்ளைகள் உண்மையில் தடுமாறுவது இங்கேதான். "சொந்த நடையில் எழுது" என்று சொல்கிறோமே தவிர, எப்படி என்று யாரும் உட்கார்ந்து காட்டுவதில்லை. ஒரு உதாரணம் செய்து பார்ப்போம். ஒரு புத்தகத்தில் இப்படி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்:

"சென்னைக்குக் கிடைக்கும் மழையின் பெரும்பகுதி வடகிழக்குப் பருவக்காற்றால், அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களில் பெய்கிறது. அந்த நீரைத் தேக்கிவைக்காவிட்டால் கோடையில் தட்டுப்பாடு தவிர்க்க முடியாதது."

பல பிள்ளைகள் இதை இப்படி மாற்றுவார்கள்: "சென்னை பெறும் மழையில் அதிகப் பங்கு வடகிழக்குப் பருவக்காற்றினால், அக்டோபரிலிருந்து டிசம்பர் வரையான மூன்று மாதங்களில் கிடைக்கிறது. அந்தத் தண்ணீரைச் சேமிக்காவிட்டால் வெயில் காலத்தில் பற்றாக்குறையைத் தடுக்க இயலாது." சொல்லுக்குச் சொல் மாற்றியாயிற்று. எலும்புக்கூடு அப்படியே இருக்கிறது. திருடிய சைக்கிளுக்கு வேறு பெயின்ட் அடித்த கதை. சிந்தனையின் வரிசையும் வாக்கியத்தின் கட்டும் இன்னொருவருடையவை.

இப்போது புத்தகத்தை மூடிவிட்டு எழுதச் சொல்லுங்கள். பார்க்காமல் எழுதும்போது பிள்ளைக்கு எது புரிந்ததோ அதுதான் வரும்: "எங்கள் கிணற்றில் ஜனவரியில் தண்ணீர் மேலே இருக்கும், மே மாதம் வாளி தரை தட்டும். சென்னைக்கு வருஷத்து மழையில் பெரும்பகுதி மூன்றே மாதத்தில் பெய்துவிடுவதுதான் காரணம் என்று இந்தப் புத்தகம் சொல்கிறது." புத்தகத்தின் பெயரும் ஆசிரியர் பெயரும் பக்க எண்ணும் கீழே. தகவல் புத்தகத்தினுடையது, அதற்கு ரசீது கொடுத்தாயிற்று. கிணறு நம்முடையது.

எல்லாவற்றுக்கும் ரசீது தேவையா என்று ஒரு மாணவி கேட்டாள். இந்தியா 1947ல் விடுதலை பெற்றது என்பதற்கு யார் பெயரையும் போட வேண்டாம், எல்லாருக்கும் தெரிந்த செய்தி. ஒருவர் தேடிச் சேகரித்த எண்ணிக்கை, ஒருவர் மட்டும் சொல்லும் விளக்கம், ஒருவர் வரைந்த படம் என்றால் பெயர் வேண்டும். சந்தேகமாக இருந்தால் போட்டுவிடுங்கள். கூடுதலாகப் பெயர் போட்டதற்காக யாரும் தண்டனை வாங்கியதில்லை.

இன்னொரு பழக்கம், என் தொழிலிலிருந்து. வங்கியில் வவுச்சர் இல்லாமல் லெட்ஜரில் ஒரு பைசா ஏறாது. சில சமயம் பணம் வந்திருக்கும், யாருடையது என்று தெரியாது. அதை எந்த வாடிக்கையாளர் கணக்கிலும் போடாமல் சஸ்பென்ஸ் கணக்கு என்று ஒன்றில் வைப்போம். உரியவர் தெரிந்த பிறகுதான் அங்கிருந்து எடுப்போம். பிராஜெக்ட் நோட்டின் கடைசிப் பக்கத்தைச் சஸ்பென்ஸ் கணக்காக வைத்துக்கொள்ளுங்கள். எங்கிருந்து எடுத்தோம் என்று தெரியாத வாக்கியமோ எண்ணோ அங்கேயே கிடக்கட்டும். மூலம் கிடைத்தால் கட்டுரைக்குள் வரும், கிடைக்காவிட்டால் வராது. குறிப்பு எடுக்கும்போதே, அப்படியே எடுத்த வரிகளுக்கு மேற்கோள் குறி போட்டுவிட வேண்டும். பத்து நாள் கழித்துப் பார்த்தால் எது நாம் எழுதியது, எது புத்தகத்தினுடையது என்று நமக்கே தெரியாது.

"கூகுளில் எடுத்தேன்" என்று எழுதுவதும் மூலம் ஆகாது. பணம் எங்கிருந்து வந்தது என்றால் "வங்கியிலிருந்து" என்பது போல. எந்தக் கிளை, எந்தக் கணக்கு? கூகுள் வழி காட்டுகிறது. எழுதியவரும் படம் எடுத்தவரும் வேறு யாரோ.

சாட்ஜிபிடி பற்றிக் கேட்காமல் இருக்க மாட்டீர்கள். புரியாத பாடத்தை விளக்கச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை, பள்ளி அனுமதிக்கும் வரை. அது எழுதிக் கொடுத்ததை அப்படியே ஒட்டிக் கொடுத்தால், பக்கத்து வீட்டு அண்ணன் எழுதிக் கொடுத்ததை ஒப்படைப்பதற்கும் அதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. இன்னொரு ஆபத்தும் உண்டு. ஆதாரம் கேட்டால், இல்லாத புத்தகத்தையும் இருப்பது போல ஆசிரியர் பெயரோடு கொடுத்துவிடும். புத்தகத்தைக் கண்ணால் பார்க்காமல் பெயரை எழுதக் கூடாது.

இனி சட்டம். நம் நாட்டில் பதிப்புரிமைச் சட்டம் 1957ல் இயற்றப்பட்டு 1958 ஜனவரி 21 முதல் நடைமுறையில் இருக்கிறது. எழுதி முடித்த கணமே உரிமை பிறந்துவிடும், பதிவு செய்துதான் ஆக வேண்டும் என்பதில்லை. உங்கள் மகள் வரைந்த படத்துக்கும் உரிமை உண்டு. அது அவளுடையது. அவளைக் கேட்காமல் நம் மலரில் போடுவதும் சரியில்லை, செயலாளர் கவனிக்க!

உரிமை எவ்வளவு காலம்? எழுதியவர் மறைந்த ஆண்டு முடிந்து, அதன்பின் 60 ஆண்டுகள். முன்பு 50 ஆக இருந்தது. ரவீந்திரநாத் தாகூர் 1941ல் மறைந்தார். 1991 இறுதியில் அவர் எழுத்துகளின் உரிமைக்காலம் முடிய இருந்த நேரத்தில்தான் 60 ஆக்கினார்கள். கணக்குப் போடுவது எளிது. ஆர்.கே. நாராயண் மறைந்தது 2001, மால்குடிக் கதைகளுக்கு 2061 கடைசி வரை உரிமை இருக்கும். ஜெயகாந்தன் 2015ல் மறைந்தார், 2075 கடைசி வரை. கல்கி மறைந்தது 1954. அவர் நூல்களைத் தமிழக அரசு 1999லேயே நாட்டுடைமை ஆக்கிவிட்டது. பொன்னியின் செல்வனை யாரும் அச்சிடலாம். ஆனால் கதைக்கு வந்த ஓவியங்களின் உரிமையைத் தனியாகப் பார்க்க வேண்டும், 2022ல் வந்த திரைப்படத்தின் உரிமையும் தனி. நாவல் பொது என்பதால் படத்தின் போஸ்டரும் பொது ஆகிவிடாது.

இந்த நாட்டுடைமை என்ற ஏற்பாட்டை நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். பாரதியார் 1921ல் மறைந்த பிறகு அவர் எழுத்துகளின் உரிமை கை மாறிக்கொண்டிருந்தது. பாடல்களை இசைத்தட்டில் பதிவு செய்யும் உரிமை ஏவி. மெய்யப்பச் செட்டியாரிடம் இருந்தது. பாரதி பாடல் யாருக்கும் தனிச்சொத்தாக இருக்கக் கூடாது என்ற குரல் வலுத்தபோது, அவர் பணம் வாங்காமல் தம் உரிமையை விட்டுக்கொடுத்தார். 1949ல் சென்னை மாகாண அரசு உரிமைகளைப் பெற்று, 1955ல் எல்லாருக்கும் பொதுவாக்கியது. அதன் பின்னர் பல எழுத்தாளர்களின் குடும்பத்துக்குப் பரிவுத் தொகை கொடுத்து அரசு நூல்களை நாட்டுடைமை ஆக்கி வருகிறது. நாமெல்லாம் பாரதி பாடலை எந்த மேடையிலும் கூச்சமில்லாமல் பாடுகிறோமே, அதற்குப் பின்னால் ஒருவர் விட்டுக்கொடுத்த சொத்து இருக்கிறது. உரிமை என்பது ஏதோ படிப்புக்கு எதிரி என்று பேசுபவர்களுக்காக இதைச் சொன்னேன்.

சட்டமும் மாணவர்களுக்கு எதிரி இல்லை. அதன் 52ஆம் பிரிவு நிறைய இடம் கொடுக்கிறது. சொந்தப் படிப்புக்கும் ஆராய்ச்சிக்கும் நியாயமான அளவு பயன்படுத்தலாம். விமர்சனம் எழுத மேற்கோள் காட்டலாம். ஆசிரியரும் மாணவரும் பாடம் நடத்தும் போக்கில் படி எடுக்கலாம். வினாத்தாளிலும் விடைத்தாளிலும் எடுத்து எழுதலாம். ஆசிரியர், மாணவர், பெற்றோர் போன்றோர் மட்டும் பார்க்கிற பள்ளி ஆண்டு விழாவில் நாடகம் போடுவதற்கும் தனி விலக்கு உண்டு.

இந்தப் பிரிவை வைத்து ஒரு பெரிய வழக்கே நடந்தது. டெல்லிப் பல்கலைக்கழக வளாகத்தில் ராமேஸ்வரி போட்டோகாப்பி என்ற ஜெராக்ஸ் கடை, பாடத்திட்டத்தில் சொன்ன புத்தகங்களிலிருந்து வேண்டிய பக்கங்களை மட்டும் படியெடுத்து, பைண்டு செய்து மாணவர்களுக்கு விற்றது. ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகங்களும் டெய்லர் அண்ட் ஃபிரான்சிஸ் நிறுவனமும் 2012ல் வழக்குத் தொடுத்தன. 2016 செப்டம்பரில் டெல்லி உயர் நீதிமன்ற நீதிபதி வழக்கைத் தள்ளுபடி செய்தார். மேல்முறையீட்டில் அதே ஆண்டு டிசம்பரில் இரு நீதிபதிகள் அமர்வு, கற்பிப்பதற்குத் தேவையான அளவு படியெடுப்பதைச் சட்டம் அனுமதிக்கிறது என்று ஏற்றுக்கொண்டது. பிறகு பதிப்பகங்களே வழக்கைத் தொடராமல் விலகிக்கொண்டன. இதைக் கேட்டதும் முழுப் புத்தகத்தையும் ஜெராக்ஸ் போடக் கிளம்பிவிடாதீர்கள். பாடத்துக்கு வேண்டிய பகுதி என்பதுதான் அங்கே பேச்சு. போட்டித் தேர்வுப் புத்தகம் முழுவதையும் பாதி விலைக்குப் படியெடுத்து விற்பது வேறு கதை.

படங்கள் விஷயத்தில், கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற உரிமக் குறியோடு இருப்பவற்றைத் தேடச் சொல்லுங்கள். சில நிபந்தனைகளோடு பயன்படுத்திக்கொள்ளலாம் என்று படைத்தவரே முன்கூட்டி எழுதி வைத்திருப்பார். விக்கிப்பீடியாவும் அந்த வகைதான், ஆனால் மூலத்தைக் குறிப்பிட வேண்டும் என்பது அதன் நிபந்தனைகளில் ஒன்று. இதைவிட நல்லது, கைபேசியில் நீங்களே ஒரு படம் எடுப்பது. மயிலாப்பூர் தெப்பக்குளம் எங்கேயும் ஓடிவிடாது.

நம் குடியிருப்பில் பிஎச்.டி. செய்பவர்கள் சிலர் இருப்பதால் ஒரு வார்த்தை. பல்கலைக்கழக மானியக் குழு 2018ல் விதிமுறை கொண்டுவந்தது. ஆய்வேட்டில் பிறர் எழுத்தோடு ஒற்றுமை 10 சதவீதம் வரை இருந்தால் தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். 40க்கு மேல் 60 வரை என்றால் ஓராண்டுக்குத் திருத்திய ஆய்வேட்டைத் தர முடியாது. 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து. இதைப் படித்துவிட்டு, "பத்து சதவீதம் காப்பி அடிக்கலாமாம்" என்று ஒரு தம்பி லிஃப்டில் சொன்னான். மென்பொருள் எண்ணுவது ஒரே மாதிரி இருக்கும் சொற்களை. அது திருட்டை அளக்கும் தராசு இல்லை. ஒரே ஒரு பக்கத்தை எடுத்துத் தன் கண்டுபிடிப்பு என்று போட்டாலும், அந்தத் துறையில் இருப்பவர் படித்தவுடன் கண்டுபிடித்துவிடுவார். ஆய்வேடுகள் சோத்கங்கா தளத்தில் யாரும் படிக்கும்படி கிடக்கின்றன என்பதும் நினைவிருக்கட்டும்.

இதெல்லாம் வெள்ளைக்காரன் கொண்டுவந்த வழக்கம் என்று நினைக்க வேண்டாம். உரிமை என்ற சட்டம் பின்னால் வந்ததுதான். பெயரைச் சொல்லும் நாணயம் நம்மிடம் பழையது. நன்னூல் நூல்களை முதல்நூல், வழிநூல், சார்புநூல் என்று பிரித்தே வைத்திருக்கிறது. கம்பர் அவ்வளவு பெரிய காவியத்தைத் தொடங்கும்போதே, தமக்கு முன்னால் வடமொழியில் பாடிய வான்மீகியின் வழியில் செல்வதாகச் சொல்லிவிடுகிறார். உ.வே. சாமிநாதையர் தம் பதிப்புகளின் முன்னுரையில் ஏட்டுச்சுவடி கொடுத்து உதவியவர்களை ஊரோடும் பேரோடும் குறித்து வைத்தார். இன்றைக்கு நமக்கு வரும் வாட்ஸ்அப் கவிதைகளில் எழுதியவர் பெயர் வெட்டப்பட்டிருக்கிறது. இல்லாவிட்டால், யாரோ எழுதியதற்கு அப்துல் கலாம் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது. பெரியவர்களாகிய நாம் முதலில் அதை நிறுத்தலாம்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோளும் உண்டு. பிராஜெக்டை நீங்கள் செய்து கொடுக்காதீர்கள். கடையில் ரெடிமேட் சார்ட் வாங்கி ஒட்டிக் கொடுப்பதும் அதுவே. கோணல்மாணலாகக் கோடு போட்டாலும் பிள்ளையே போடட்டும். நாளை ஒப்படைக்க வேண்டியதை இன்று இரவு ஒன்பது மணிக்கு ஆரம்பித்தால் எந்தப் பிள்ளையும் காப்பிதான் அடிக்கும். பத்து நாள் முன்பே நோட்டை எடுக்க வைத்தால் பாதி வேலை முடிந்தது.

அடுத்த போட்டிக்கான விதிகளைச் சங்க நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருக்கிறோம். கட்டுரையோடு குறிப்பு நோட்டையும் கொடுக்க வேண்டும், நடுவர்கள் கேட்டால் ஐந்து நிமிடம் பேச வேண்டும் என்பவை புதியவை. நோட்டு எப்படி எழுதுவது என்று கற்றுக்கொள்ள விரும்பும் பிள்ளைகள் ஞாயிறு காலை பத்து மணிக்கு நம் சங்க நூலகத்துக்கு வரலாம். நான் இருப்பேன். ஒரு புத்தகமும் ஒரு பென்சிலும் எடுத்து வந்தால் போதும். கைபேசி வேண்டாம்.